இதில் விசில் வராது

கிள்ளானில் ஓர் அம்மாளுக்குச் சோறு குழைந்துபோனதால்தான் நான் ஒரகடம் போக நேர்ந்தது.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் மின்சாரச் சோற்றுப் பானைகளை வரவழைத்து மலேசியா முழுக்க விற்கிறது. அதில் ஒரு வகை, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தயாராகிறது. பெட்டிக்குள் பானையோடு நான்கு மொழியில் ஒரு கையேடு இருக்கும். மலாய், சீனம், ஆங்கிலம் மூன்றிலும் யாருக்கும் குறையில்லை. தமிழைப் படித்த அந்த அம்மாள் மட்டும் போன் போட்டுவிட்டார். “கையேடு அழகாத்தான் லா இருக்கு. ஆனா படிச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு குழைஞ்சு போச்சு. திறக்கலாமா கூடாதான்னு கடைசி வரைக்கும் புரியல.”

எங்கள் நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு என்பது நானும் ஒரு மேசையும். இருமல் மருந்து, தீயணைப்பான், குழந்தை உட்காரும் நாற்காலி எல்லாவற்றுக்கும் தமிழில் ‘செய்க, செய்யாதீர்’ எழுதி வயிறு வளர்க்கிறேன். என் கொள்கை எளிது. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் யாருக்காவது கை சுடுமா? சுடாது என்றால் அந்தச் சொல் எதற்கு? கவிதை, வர்ணனை எல்லாம் வேலையில்லாதவர்கள் பார்க்கிற வேலை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்தேன். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘தண்ணீரும் அரிசியும் முதன்முறை சந்திக்கும்போது கொஞ்சம் தயக்கம் இருக்கும். விட்டுவிடுங்கள்.’ எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மேலதிகாரி, “நீயே போய் உட்கார்ந்து இதைச் சுத்தம் பண்ணிட்டு வா” என்றார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் விடுதி. எதிரே ஒரு கொரியன் சாப்பாட்டுக் கடை, அதற்கு அடுத்து ஒரு பிரியாணிக் கடை, அதற்கு அடுத்து ‘வீட்டுமனை விற்பனைக்கு’ என்று ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. அதுவும் விற்பனைக்கா என்று பலகையில் போடவில்லை. இப்படித்தான் தகவலைப் பாதியில் விடுவார்கள் என்று முதல் நாளே எனக்கு எரிச்சல்.

டீக்கடையில் டீ கேட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற அளவில் ஒரு கிளாஸ் வந்தது. எங்கள் ஊரில் தே தாரே என்கிற இழுத்து ஆற்றிய டீ ஒரு குவளை வாங்கினால் முகம் கழுவலாம். நான் நான்கு கிளாஸ் வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், “மத்தவங்கள்லாம் எப்ப வருவாங்கமா?” என்று அக்கறையாக விசாரித்தார். மலேசியாவின் மானம் கருதி, “வந்துகிட்டே இருக்காங்க” என்று சொல்லிவிட்டு நான்கையும் குடித்தேன்.

மறுநாள் தொழிற்சாலை. கையேடுகளுக்குப் பொறுப்பாளர் ரங்கநாதன் என்பவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நாலைந்து பேனா, எதிலும் மூடி இல்லை. என்னைக் கண்டதும் குற்றவாளி மாதிரி எழுந்து நின்றார்.

“மேடம், தயவுதாட்சண்யமே பாக்காதீங்க. வெட்டித் தள்ளுங்க. விஷயம் மட்டும் இருந்தா போதும்.”

“யார் சார் இதை எழுதினது?”

“அது... பழைய ஆள் மேடம். இப்ப அந்த ஆள் இல்ல” என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா. உட்கார்ந்தேன், வெட்டினேன். ‘அடிப்பிடித்துவிட்டால் கோபித்துச் சுரண்டாதீர்கள். வெந்நீர் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். தானாக விட்டுக்கொடுக்கும்’ என்று இருந்ததை ‘வெந்நீரில் ஊறவைத்துக் கழுவவும்’ ஆக்கினேன். மத்தியானத்துக்குள் ‘மென்மையாக’ என்ற சொல் மட்டும் ஒரு கூடை தேறியது. என்னைக் கேட்டால் மனிதனுக்கு இதைவிடச் சுகமான வேலை கிடையாது.

கேன்டீனில் சோற்றை மலையாகக் குவித்து, “போதுமா மேடம்?” என்றார்கள். ஒரு தாம்பாளத்தில் எங்கள் வீட்டு மூன்று வேளைச் சாப்பாடு. விழி பிதுங்க உட்கார்ந்திருந்தபோது, பேக்கிங் லைன் சட்டை போட்ட ஓர் ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கலாம். பெயர் மாரிச்செல்வம், ஊர் சாத்தான்குளம் பக்கம், பேக்கிங் லைனுக்கு லீடர்.

“நீங்கதான புக்கு எழுதுத அக்கா?”

தொழிற்சாலையில் கையேட்டுக்குப் பெயர் புக்கு. “ஆமாம்” என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புக்கு எழுதுகிறவள் என்றால் அவர் கணக்கில் எழுத்தாளர்.

“அப்ப நல்லதாப் போச்சுக்கா. நம்ம பய இசக்கிமுத்துக்கு சனிக்கெழம சாயந்தரம் ரிசப்ஷன், மறுநாள் காலைல கல்யாணம். ஒரு வாழ்த்துமடல் எழுதித் தரணும். பெருசா பிரேம் போட்டு, மேடைல ஏறி மைக்ல வாசிச்சு, குடுத்துட்டு எறங்கணும். அதான் இங்க வழக்கம்.”

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போது டிஜே வந்து காதைக் கிழிக்கிறார். மடல் பார்த்து வெகுநாளாயிற்று. “கடையில் அச்சடித்தே விற்பார்களே?” என்றேன்.

மாரியின் முகம் சுருங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிளக்ஸ் கடையில் ஒரே மடலை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக் கொடுப்பார்களாம். போன கல்யாணத்தில் முதல் பத்தியில் மட்டும் பெயரை மாற்றி, கடைசிப் பத்தியில் மறந்துவிட்டார்கள். நம் மாரி மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை முருகன் நிற்கும்போதே, “செந்திலோடு சேர்ந்து பல்லாண்டு வாழ்க” என்று பெண்ணை வாழ்த்திவிட்டு இறங்கியிருக்கிறார். அதிலிருந்து இந்தத் தெற்கத்திப் பையன்களைக் கண்டாலே உள்ளூர்க்காரர்கள் “செந்தில் வந்துட்டானா?” என்று கேட்கிறார்களாம்.

“இருக்குல்லா ஒரு மானம்” என்றார் மாரி.

அந்த ‘ல்லா’ என்னைக் கவிழ்த்துவிட்டது. நாங்கள் ‘லா’ போட்டு முடிக்கிற இடத்தில் இவர்கள் ‘ல்லா’ போட்டு முடிக்கிறார்கள். ஊர்க்காரன் கேட்டது மாதிரி இருந்தது. “சரி லா, எழுதித் தரேன்” என்றேன். பத்து வரி எழுத எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றேன். அந்த நேரத்தில் அங்கே வருகிற பஸ் எல்லாம் வெள்ளை. கண்ணாடியில் ஒரு தாளில் கம்பெனி பெயர், அதுவும் வெயிலில் வெளுத்துப்போனது. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினேன். திறந்தபோது பஸ் பெங்களூர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, இது ஒரகடம் போகாதா?”

“ஒரகடத்துலர்ந்துதானமா வர்றோம்!” என்றார் டிரைவர்.

அது இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியின் பஸ். வாசலில் செக்யூரிட்டி என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, சோற்றுப் பானைக் கம்பெனியிலிருந்து உளவு பார்க்க வந்தவளைப் போல நிறுத்திவைத்தார். அப்போது பக்கத்து இருக்கையில் வந்த பெண் அட்டையை எட்டிப் பார்த்தாள். “ஐயோ, மேடம் எங்க அவரு கம்பெனி. வழி தெரியாம வந்துட்டாங்க சார், வுடுங்க.”

எங்க அவர் என்பது இசக்கிமுத்து. அந்தப் பெண்தான் சங்கீதா, சனிக்கிழமை மேடையில் நிற்கப்போகிற மணப்பெண். பிள்ளைப்பாக்கம் சொந்த ஊர். ஷிப்ட் தொடங்கச் சற்று நேரம் இருந்தது. மரத்தடியில் நிறுத்திப் பேசினாள்.

“நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு மேடம், அவரு செகண்ட். ரெண்டு கம்பெனியும் ஷிப்ட்ட மாத்துறாங்க, ஆனா எதிரெதிரா மாத்துறாங்க. கல்யாணம் ஆனாலும் நான் உள்ள வரசொல்ல அவரு கெளம்பிடுவாரு. சோறு ஆக்கி வெச்சிட்டுத் தூங்கணும், அவரு வந்து துன்னணும். அவ்ளோதான் குடும்பம்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “இதக்கூட சமாளிச்சிடலாம். எங்க மாமாவ நெனச்சாதான் பயமா கீது.”

அப்பா இல்லாத பெண். தாய்மாமன் ஏழுமலைதான் எல்லாம். ரிசப்ஷனில் மாமன் மாலை போட்டால்தான் மறுநாள் தாலி. அவர் கறாராகச் சொல்லிவிட்டாராம்: பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு அடியில் ‘தனியார் நிறுவனம்’ என்று மொட்டையாகப் போட்டுவிட்டார்கள், மாப்பிள்ளை பர்மனன்ட்டா கான்ட்ராக்ட்டா என்று அவனுடைய ஆட்களே மடலில் போட்டு மைக்கில் வாசிக்கட்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் மாலையைத் தொடுவேன்.

“அக்காவுக்குப் பாத்த மாப்பிள்ளையும் பர்மனன்ட்டுன்னுதான் சொன்னாரு. ஊரே மெச்சிச்சு. ஆறு மாசத்துல வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க. பாத்தா கான்ட்ராக்ட்டு. அன்னிலர்ந்து மாமாவுக்கு அந்த வார்த்த மட்டும்தான் காதுல வுழுது.”

“இசக்கிமுத்து?”

“கான்ட்ராக்ட்டுதான் மேடம். எனக்கும் அம்மாவுக்கும் மொதல்லியே சொல்லிட்டாரு. மாமாகிட்ட சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்ல. மடல நீங்கதான் எழுதுறீங்கன்னு மாரி அண்ணன் சொன்னாரு...” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் வயர் கட்டிக் கட்டிக் காய்த்த தடம். என்னைப் போய் நம்புகிறாளே.

பொய் எழுத எனக்கு வராது. ‘சூடாகாது’ என்று எழுதி யாருக்காவது சுட்டால் என் வேலை போய்விடும். அன்று முழுக்க மண்டையை உடைத்து, உண்மை மட்டும் கொண்ட ஒரு மடலை எழுதி, மறுநாள் உணவு இடைவேளையில் மாரியிடம் நீட்டினேன். அவர் சத்தமாகவே படித்தார்.

“மணமகன் இசக்கிமுத்து. மணமகள் சங்கீதா. இருவரும் இன்று இல்லறத்தில் இணைகின்றனர். ஒருவருக்கொருவர் உதவி செய்ய வேண்டும். தினமும் பேச வேண்டும். சிக்கல் ஏற்பட்டால் தாமாகச் சரிசெய்ய முயலாமல் பெரியவர்களை அணுகவும்.”

மாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. “கஸ்டமர் கேர் நம்பர் ஒண்ணுதாங்க்கா பாக்கி” என்றார்.

“ஏன் லா, எல்லாம்தான் இருக்கே?”

“எல்லாம் இருக்குக்கா. ஆனா ஒண்ணுமில்ல.”

“சரி, மடலில் என்ன சொல்ல வேண்டும்? அதையாவது சொல்லுங்கள்.”

“ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. கேக்கும்போது தொண்டைல ஒரு மாதிரி பண்ணணும். அவ்வளவுதான்.”

“அதற்கு இருமல் மருந்து இருக்கிறது. அதற்கும் நான்தான் எழுதியிருக்கிறேன்” என்றேன் கோபமாக. அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்கு அதிக நேரம் இல்லை, அவருடைய கவலை அவருக்கு. இசக்கியின் ஊரிலிருந்து அம்மாவும் இரண்டு மூன்று சொந்தங்களும்தான் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று மேடையேறப்போவதே இந்தப் பேக்கிங் லைன்தான்.

வெள்ளிக்கிழமை என் மேசைக்கே வந்தார். அன்று ஏதோ பாகம் வரவில்லை என்று லைன் நின்றுவிட்டதாம். என் மேசையில் சிவப்புக் கோடு போட்ட தாள்கள் பரந்து கிடந்தன. எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார்.

“அக்கா! விசில் வரியையுமா வெட்டுனீங்க?”

“எந்த விசில் வரி?”

தாளைப் பார்க்காமலே சொன்னார்: “‘இது விசில் அடித்து ஊரைக் கூட்டாது. வேலை முடிந்ததென்று உரக்கச் சொல்லத் தெரியாது. அருகில் வந்து பார்ப்பவருக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியும்.’ இதப் போயிக்கா...”

எப்படி மனப்பாடம் என்று கேட்டேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். லைன் நின்றால் பேக்கிங்கில் இருப்பவர்களுக்குப் படிக்க உலகத்தில் இந்தப் புக்கு ஒன்றுதான். இசக்கிமுத்துவின் வேலையே ஒவ்வொரு பெட்டியிலும் புக்கு போடுவது. ரூம் சுவரில் ஒரு பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறானாம்.

“ஆனால் பானையில் விசில் வராது என்ற தகவலுக்கு இவ்வளவு சுற்ற வேண்டியதில்லையே. இங்கே குக்கர் என்றால் விசில் என்று நினைத்துக் காத்துக் கிடப்பார்கள், அதைத் தடுக்க ‘விசில் வராது’ என்று போட்டால் போதும்.”

“விசில் வராதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்க்கா. நாங்கதான அத செய்யுதோம். அதுக்கா படிக்கோம்?”

எதற்காகப் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் கொள்கையில் எங்கேயும் இடமில்லை. தெரிந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற வாசகர் ஒருவர்கூட என் தீயணைப்பானுக்கு வாய்த்ததில்லை.

கிடந்த தாள்களைச் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். “நான் வெட்டினது எல்லாம் இதில் இருக்கு. எனக்கு வேண்டாம். உங்களுக்கு ஆகுமா பாருங்க.” இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். குக்கர், மூடி, அரிசி, தண்ணீர், மின்கம்பி என்று வருகிற இடங்களை மட்டும் நான் அடித்தேன். நான் செய்த ஒரே இலக்கியப் பணி அதுதான். மற்றபடி ஓர் எழுத்தைத் தொட மாரி விடவில்லை. பர்மனன்ட், கான்ட்ராக்ட் என்ற பேச்சே அதில் இல்லை. “மாமா கேட்டது இதில் இல்லையே?” என்றேன். “அதப் போட்டா கல்யாணம் நின்னுரும், மாத்திப் போட்டா பாவம். போவட்டும்க்கா, பாத்துக்கிடலாம்” என்றார்.

சனிக்கிழமை மாலை பிள்ளைப்பாக்கம் மண்டபம். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் மனைப்பிரிவுக் கற்கள். பெண் வீட்டார் பட்டும் நகையுமாக முன்வரிசையில். மாப்பிள்ளை வீட்டார் என்று பேக்கிங் லைன் மொத்தமும் கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த ஆரஞ்சு டி-ஷர்ட்டில் வந்து நின்றது. ஏதோ தீயணைப்புப் படை போல இருந்தது. ரங்கநாதனும் வந்திருந்தார், அவர் மட்டும் வேட்டி.

வாசலில் மீசையை நீவிக்கொண்டு ஏழுமலை. “மலேசியாவாமா? வாங்க வாங்க. அங்க இன்னா வேலை?”

“எழுதுகிற வேலை.”

“பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

“பர்மனன்ட்.”

“அப்ப குந்துமா” என்று எனக்கு முன்வரிசை நாற்காலி கொடுத்தார். ரங்கநாதன் பர்மனன்ட் என்பதால் அவருக்கும் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

மாரி மேடையேறினார். பின்னாலிருந்து எவனோ, “செந்தில் வந்துட்டான்டோய்!” என்று கத்த, மண்டபம் சிரித்தது. இசக்கிமுத்து தலை குனிந்து நின்றான். சங்கீதா என்னையே பார்த்தாள். மாரி தொண்டையைக் கனைத்து வாசித்தார்.

“முதன்முறை சந்திக்கும்போது கொஞ்சம் தயக்கம் இருக்கும். விட்டுவிடுங்கள். சூட்டை மட்டும் கூட்டாதீர்கள். வெந்துவிட்டதென்று உடனே திறந்து பார்க்காதீர்கள். சற்றுப் பொறுங்கள். பருக்கைக்குப் பருக்கை தனித்து நிற்கும், ஆனால் ஒன்றையொன்று விட்டு விலகாது.”

பேச்சுச் சத்தம் குறைந்தது.

“அடிப்பிடித்துவிட்டால் கோபித்துச் சுரண்டாதீர்கள். வெந்நீர் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். தானாக விட்டுக்கொடுக்கும்.”

முன்வரிசையில் ஓர் அம்மாள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“இது விசில் அடித்து ஊரைக் கூட்டாது. வேலை முடிந்ததென்று உரக்கச் சொல்லத் தெரியாது. அருகில் வந்து பார்ப்பவருக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியும். வருகிறவர் எந்நேரம் வந்தாலும் வரட்டும். அதுவரை சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளும்.”

சங்கீதா முகத்தை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் ஷிப்ட்டுக்குப் போகிற வீட்டுப் பெண்கள் புடவைத் தலைப்பை எடுத்தார்கள். நானே சிவப்புக் கோடு போட்ட வரி, எனக்கே தொண்டையில் ஒரு மாதிரி பண்ணிவிட்டது. கோபமாக வந்தது. திரும்பினேன். பக்கத்தில் ரங்கநாதனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மாரி வாசிப்பதற்கு ஒரு சொல் முன்னதாகவே அசைந்தது.

“சார்! பழைய ஆள் நீங்களா?”

காது சிவந்துவிட்டது மனிதருக்கு. “கம்பெனி ஆரம்பிச்ச புதுசு மேடம். தமிழ்ப் பக்கத்தை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, சும்மா எதையாவது ரொப்புன்னாங்க. யாரும் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதிட்டேன்.”

அதற்குள் ஏழுமலை மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டார்.

“எல்லாம் நல்லா கீது. ஆனா நான் கேட்டது வர்லியே. மாப்ள, நீயே சொல்லு. பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

ஆரஞ்சுப் படை மூச்சு விடவில்லை. இசக்கிமுத்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். “கான்ட்ராக்ட்தான் மாமா.”

மைக் மட்டும் கொய்யென்று இரைந்தது. பெண்ணின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஏழுமலை மாப்பிள்ளையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு மாரி பக்கம் திரும்பினார்.

“அந்த விசில் வரி வந்திச்சே. அத்த இன்னொரு தபா படி.”

மாரி படித்தார். இந்தத் தடவை குரல் உடைந்து உடைந்து வந்தது. ஏழுமலை கண்ணை மூடிக் கேட்டார்.

“மூத்த மாப்ள நல்லா விசில் அடிச்சான்மா” என்றார் தங்கையைப் பார்த்து. “ஊரே கேட்டுச்சு. இவன் அடிக்கல.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “எங்கடா அந்த மாலை? நிக்கிறீங்க மரம் மாதிரி, எடுத்தாங்கடா!”

ஆரஞ்சுப் படை போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் பயந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சங்கீதாவின் அம்மா யாரென்றே தெரியாத என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

பந்தியில் பிரிஞ்சியும் குருமாவும். நானும் ரங்கநாதனும் பக்கத்துப் பக்கத்து இலை. ஏழுமலை ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“நீதான் எழுதினியாமா அத்த? நெஞ்ச புடிச்சிகிச்சு. எந்தப் பொஸ்தகத்துல கீது?”

“நான் எழுதல. இதோ, சார்தான் எழுதினது. சோறு ஆக்குகிற குக்கருக்குக் கூட வருகிற புத்தகம்.”

“குக்கரா?” மடல் அவருக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று முடிவு செய்தவர் போல ஆர்வமாகக் குனிந்தார். “நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வாங்கணும் சார். பொன்னி அரிசின்னா எத்தினி விசில் வுடணும்?”

ரங்கநாதனுக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். ஏழுமலை அடுத்த பந்திக்குப் போன பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பாத்தீங்களா மேடம்? ரெண்டு தடவ வாசிச்சும் விஷயம் போய்ச் சேரல. நீங்க வெட்டினது ரொம்பச் சரி” என்றார். தன் எழுத்து தோற்றுப்போனதை அவ்வளவு சந்தோஷமாக ஒத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. இரண்டாம் தடவை பிரிஞ்சி வாங்கிச் சாப்பிட்டார்.

புதுக் கையேடு அச்சாகிவிட்டது. ‘விசில் வராது. விளக்கு எரிந்தால் சமையல் முடிந்தது. பத்து நிமிடம் கழித்துத் திறக்கவும்.’ கிள்ளான் அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவரிடமிருந்து போன் வரவில்லை. என் தொழிலில் போன் வராவிட்டால் பாராட்டு என்று அர்த்தம். இப்போதும் என் கொள்கை அதேதான், கை சுடாத சொல்லை வெட்டிவிடுகிறேன். வெட்டியதைக் குப்பையில் போடாமல் ஒரு டிராயரில் போட்டுவைக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

சென்ற வாரம் இசக்கிமுத்துவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம்.

“அக்கா, புது புக்கு வந்துட்டு. இன்னைக்கு பூரா அதான் பொட்டில போட்டேன். ரொம்ப நல்லா வெளங்குதுக்கா. ஒருக்க படிச்சாலே எல்லாம் தெரிஞ்சிருது.” கொஞ்சம் தயங்கினான். “அதாங்க்கா, லைன் நின்னா என்ன செய்யன்னு தெரியல.”